காடி வெட்டும் டேடோ ரம்பம்

புத்தகங்களின் பாரத்தைச் சுமக்கும் அலமாரித் தட்டு, ஆணியை மட்டும் நம்பி நிற்குமாயின் அதன் மூட்டு நாளடைவில் தளர்ந்துவிடும். பக்கப் பலகையில் குறுக்காகக் காடி எடுத்து, அதனுள் தட்டைச் செருகினாலோ, பாரத்தை மரமே தாங்கிக் கொள்கிறது. இத்தகைய காடிகள் பலவற்றை ஒரே அளவில் எடுப்பதற்கு, மேசை ரம்பத்தில் பொருத்தும் டேடோத் தொகுதி பெரிதும் உதவும்.

இத்தொகுதியில் இரு புறமும் இரண்டு வட்ட ரம்பங்கள் இருக்கும். நடுவே சில வெட்டுத் தகடுகள் அமையும். ரம்பங்கள் காடியின் ஓரங்களை அறுக்க, தகடுகள் இடையிலுள்ள மரத்தைக் கொத்தி நீக்கும். ஒற்றை ரம்பத்தைச் சாய்வாகச் சுழற்றும் வகையும் உண்டு. விலை குறைவுதான், ஆனால் காடியின் அடி சற்றே வளைந்துவிடும்.

வாங்குமுன் இயந்திரத்தை நோக்குக. ரம்பத்தைத் தாங்கும் அச்சு குட்டையானால், முழு அடுக்கையும் ஏற்றியபின் மரை பிடிப்பதற்கு இடமிராது. ஐரோப்பிய முறையில் அமைந்த பல இயந்திரங்கள் இத்தன்மையனவே; அவற்றில் டேடோவைப் பொருத்தலாகாது. அச்சின் தடிப்பும் ரம்பத்தின் துளையும் ஒத்திருத்தல் வேண்டும். 10 அங்குல மேசை ரம்பத்துக்கு 6, 8 அங்குலத் தொகுதிகள் கிடைக்கின்றன. வீட்டு அலமாரிக்கு 6 அங்குலமே போதும். சிறிய மோட்டாருக்கும் அது சுமையாகாது.

முக்கால் அங்குலம் என்று விற்கப்படும் பிளைவுட் பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைந்தே இருக்கும். ஆகவே பெயரை நம்பாது பலகையை அளந்து பார்க்க வேண்டும். 18 மில்லிமீட்டர்ப் பலகைக்கு, அரைக்கால் அங்குல ரம்பங்கள் இரண்டும், அதே அளவுத் தகடுகள் மூன்றும், 1/16 அங்குலத் தகடு ஒன்றும் சேர்த்தால் சுமார் 17.5 மில்லிமீட்டர் வரும். எஞ்சிய அரை மில்லிமீட்டரை மெல்லிய இடைவில்லைகளால் நிரப்பலாம். தகடுகளின் பற்கள் அடுத்த ரம்பத்தின் பற்களில் முட்டாதபடி அமைக்க வேண்டும். காடியின் ஆழம் பலகைத் தடிப்பில் மூன்றிலொரு பங்கு போதுமானது. முதலில் கழிவுத் துண்டொன்றில் வெட்டிப் பாருங்கள். சுத்தியல் இன்றிக் கையழுத்தத்திலேயே தட்டு செருகிக்கொள்ள வேண்டும்.

ரம்பத்தை மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் இன்றியமையாதது. மேசையின் வாய்த் தகடும் அகலமான திறப்புடையதாக இருக்க வேண்டும். காடி வெட்டும்போது வழக்கமான காவல் மூடியைக் கழற்ற நேர்வதால், எச்சரிக்கை இருமடங்கு தேவை. பலகையைத் தள்ளுகட்டையால் அழுத்தி மெதுவாகச் செலுத்துக. சுழலும் ரம்பத்தின் மேலாக விரல்கள் செல்லலாகாது. வேலை முடிந்தவுடன் பழைய ரம்பத்தையும் காவல் மூடியையும் திரும்பப் பொருத்திய பின்னரே இயந்திரத்தை விட்டு அகல வேண்டும். அடுத்து அதனை இயக்குபவர் மூடி இருப்பதாகவே நினைப்பார் அன்றோ?