காவிரிக் கரைப் பொதுநிதிகள் - 9: களத்து நெல்லும் மொய் நோட்டும்

தானம் என்பது ஒன்று, பங்கு என்பது வேறொன்று என்று சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். வியாதிக்கு ஆகும் செலவை ஒரு சமூகம் தன்னுள்ளே எவ்வாறு பகிர்ந்துகொண்டது என்று ஆராயப் புகுந்தால், இந்த வேறுபாட்டை விட்டு ஓர் அடியும் நகர முடியாது. குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்னும் மருத்துவமனையை அமைத்து, அதன் வைத்தியருக்கு நிலம் விட்டது தானம். மிராசுதாரர்கள் கூடிக் கொடுத்த பொருளின் நினைவைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனையும் தானத்தில் எழுந்ததே. அந்தக் காருண்யத்தைப் போற்றுகிறேன். ஆயினும் தானத்தால் நடக்கும் மருத்துவசாலைக்குள், 'இதில் என் பங்கும் இருக்கிறது' என்ற உரிமையோடு நோயாளி நுழைவதில்லை.

பங்கு முறையின் பழைய தடத்தைக் காணக் களத்துமேட்டுக்குப் போகவேண்டும். கட்டடித்துத் தூற்றிய நெல் மிராசுதார் வீட்டுப் பத்தாயத்துக்குப் போகுமுன், கிராம ஊழியர்களுக்கென்று ஒரு பகுதியை அளந்து ஒதுக்குவது இந்நாட்டு வழக்கமாக இருந்தது. அதற்குச் சுதந்திரம் என்று பெயர். தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோரோடு நாவிதருக்கும் அதில் பாத்தியம் இருந்தது. அவர் சவரம் செய்ததோடு நின்றவர் அல்லர். கட்டியைக் கீறியவரும் புண்ணுக்கு மருந்து வைத்தவரும் அவரே, அவர் இல்லத்துப் பெண்மணியே ஊருக்கு மருத்துவச்சி. ஆகவே களத்தில் அளந்த அந்த நெல், நடுநிசியில் கதவைத் தட்டினாலும் பிரசவம் பார்க்க எழுந்து வரவேண்டும் என்ற உடன்பாட்டுக்கு விளைச்சல் வந்த நாளிலேயே செலுத்திய சந்தா. இதைப் புகழ்ந்து நிறுத்த மனம் ஒப்பவில்லை. ஊர்க் குழந்தைகளையெல்லாம் முதலில் தன் கையில் ஏந்திய அந்தத் தாயை, மற்ற நாட்களில் வாசலுக்கு வெளியே நிறுத்தியதும் இதே ஊர்தான். நெல் அளக்கும் மரக்கால் என்றுமே கொடுப்பவர் கையில் இருந்தது.

மரக்கால் கைமாறிய இடம் ஒன்று உண்டு. கல்லணைக் கால்வாயாகிய புது ஆறு 1934இல் மேட்டூர் அணையோடு நிறைவேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிச் சீமைகளுக்கு நீர் கொண்டுவந்தது. ஆனால் கடைமடைக்கு நீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அந்த நிச்சயமின்மையே அண்டை அயலை நம்பும் பழக்கத்தை வளர்த்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அங்கும், அடுத்துள்ள புதுக்கோட்டைச் சீமையின் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும், ஆடி மாதத்தில் பலர் கூடி ஒரே பந்தலில் கறிவிருந்து வைத்து மொய் வாங்குகிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்ற காரணம் எதுவும் வேண்டியதில்லை. போட்ட தொகை நோட்டில் ஏறுகிறது. நாலைந்து ஆண்டுகளில், போட்டவர் விருந்து வைக்கும்போது, சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பும், கிணறும், கடைமுதலும், அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கடனும் அந்தப் பணத்தில் தீர்கின்றன. அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் பெரிய சிகிச்சைகளின் கட்டணத்தை ஏற்றிருப்பது பெரும் நன்மை. எனினும் கூட இருப்பவரின் சாப்பாடும், பேருந்துச் செலவும், இழந்த கூலியும் காப்பீட்டு அட்டையில் பெரும்பாலும் அடங்குவதில்லை.

இப்படி வைத்தியச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1980களிலிருந்து சங்கம் அமைத்து, ஒருவர் வைத்தியக் கணக்கை மற்றவர்கள் மாதந்தோறும் பகிர்ந்து கொடுத்து வருகிறார்கள். கொடுத்தே தீரவேண்டும் என்ற சட்டக் கடப்பாடு அவற்றுக்கு இல்லை, 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்து விலக்கும் அளித்தது. வேல்ஸ் நாட்டு டிரெடிகர் ஊரிலோ, 1890இல் தொழிலாளர் கூலியில் வாராவாரம் பிடித்த காசால் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் எழுந்தது. அவ்வூரில் பிறந்த அனூரின் பெவன்தான் 1948இல் பிரிட்டன் முழுவதற்கும் இலவச வைத்திய சேவையை ஏற்படுத்திய மந்திரி.

மொய்யின் குறையையும் சொல்லிவிடவேண்டும்: போட்டவருக்கே வரும். போட வழியில்லாத விவசாயக் கூலிப் பெண்ணுக்கு, அவள் எத்தனை நடவு நட்டிருந்தாலும், நோட்டில் ஒரு வரி இல்லை. வார்தாவை அடுத்த சேவாகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனை, இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. சுற்றுக் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் சோளத்தையே சந்தாவாகப் பெற்றார்கள். நிலம் உள்ளவர் ஏக்கருக்குத் தக்கபடி கூடுதலாகவும், நிலமற்றவர் குறைவாகவும் அளந்தார்கள், சிகிச்சையில் மட்டும் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் சேர்ந்தாலன்றி அந்த ஊரை ஏற்பதில்லை என்பதும் அவர்கள் விதி.

நம் பக்கத்தில் இன்று களங்கள் அருகிவிட்டன. இயந்திரம் அறுத்த நெல், சாக்கு மூட்டைகளில் நேராகக் கொள்முதல் நிலையத்துத் தராசுக்குப் போகிறது. அந்தத் தராசடியிலேயே, அவரவர் விளைச்சலுக்கு ஏற்ப ஒரு பங்கு நெல்லை ஊராரின் வைத்தியத்துக்கென்று ஒதுக்க, நட்டவளின் பெயரையும் அந்த நோட்டில் எழுத, ஒரு கிராமமாவது முன்வராதா என்று போகுமிடமெல்லாம் கேட்டு வருகிறேன்.