புதுப்பித்த இயந்திரமும் முதல் ஆயிரம் கிலோமீற்றரும்

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை தளர்த்தப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நம் நாட்டின் பழைய வாகனங்கள் தமது ஆயுளுக்கும் மேலாக உழைக்க வேண்டியதாயிற்று. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் நடுத்தர வருமானத்தாரின் கைக்கு எட்டும் பொருளாகவில்லை. எனவே, புகை கக்கும் காரையோ சிறு லொறியையோ விற்றுத் தொலைப்பதை விட, இயந்திரத்தை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் இட்டு மீண்டும் ஓட்டுவதே பலருக்கு உகந்த வழியாகத் தோன்றுகின்றது. அதற்காக ஒரு குடும்பம் செலவிடும் பணம் சிறிதன்று. நகை அடகு வைக்கப்படுவதும் உண்டு.

இவ்வளவு செலவிட்டுப் புதுப்பித்த இயந்திரம் நெடுங்காலம் உழைக்குமா, ஓராண்டிலேயே மறுபடியும் ஒயில் குடிக்குமா என்பது பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீற்றர்களில் தீர்மானமாகி விடுகின்றது. ரன்னிங்-இன் என நமது மெக்கானிக்குகள் அழைக்கும் அந்தக் காலப்பகுதி குறித்து நிலவும் தவறான எண்ணங்கள் பல. ஆதலால் அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

போர் செய்யப்பட்ட சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல் வழுவழுப்பாக விடப்படுவதில்லை. ஹோனிங் கல்லைக் கொண்டு குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்படுகின்றன. அக்கீறல்களின் பள்ளங்களில் ஒயில் தங்கி நிற்கும். மேடுகளின் மீது புதிய ரிங் உராய்ந்து, மேடும் ரிங்கும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்திக் கொள்ளும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மாத்திரமன்று. சிலிண்டருக்குள் எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகின்றது. இயந்திரம் ஓரளவு சுமையை இழுத்தால்தான் அந்த அழுத்தம் போதியதாக இருக்கும்.

இதனை விளங்கிக் கொண்டால், கராஜ் முற்றத்தில் வாகனத்தை நிறுத்தி மணிக்கணக்காக ஸ்டார்ட்டில் விட்டு 'பழக்கும்' பழைய வழக்கம் எவ்வளவு தீங்கானது என்பது புலனாகும். சுமையின்றி ஓடும்போது ரிங் சுவரோடு இறுகுவதில்லை. நழுவிய ஒயில் சூட்டில் கருகி, வார்னிஷ் பூசியது போல் அந்த நுண்கீறல்களை மூடிவிடும். அதன் பின்னர் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் ரிங் பொருந்தாது. டீசல் இயந்திரங்களில் இக்கேடு இன்னும் அதிகம். மணிக்கு நாற்பது கிலோமீற்றரைத் தாண்டாதே எனக் கூறி மாதக் கணக்கில் ஊர்ந்து செல்ல வைப்பதும் ஏறக்குறைய இதே வகையைச் சார்ந்ததே.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கோ தைப்பொங்கலுக்கோ முந்திய வாரத்தில் இயந்திரத்தைப் பூட்டி, மறுநாளே குடும்பத்துடன் தூரப் பயணம் புறப்படுவோரை நாம் அறிவோம். முந்திய மாலை கராஜிலிருந்து வெளிவந்த லொறி, விடியற்காலையில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி மூட்டைகளை நிறைத்துக் கொண்டு மலைநாட்டுக்கு ஏறுவதும் புதுமையன்று. புதிய பிஸ்டனும் பெயரிங்கும் அத்தகைய சூட்டைத் தாங்குவதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னர், இயந்திரம் தீப்பற்றாதவாறு செய்து ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒயில் அழுத்தம் எழுவதை உறுதி செய்தல் வேண்டும். உலர்ந்த பெயரிங்கின் மீது கிராங்க் சுழலும் சில விநாடிகளே போதும், புதுச்செலவு வீணாவதற்கு. மொரிஸ் மைனர் போன்ற பழைய வாகனங்களில் புதிய கேம் ஷாஃப்ட்டும் டெப்பட்டும் இடப்பட்டிருப்பின், முதல் இருபது நிமிடங்கள் அதனைத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிடாது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளில் வைத்திருத்தல் அவசியம். அங்கே கேமுக்கு ஒயில் போதியளவு கிட்டுவது கிராங்கின் சுழற்சியால் தெறிப்பதைக் கொண்டே. இது மேற்கூறியதற்கு முரணன்று. அந்த இருபது நிமிடங்கள் முடிந்ததும் வாகனம் வீதிக்கு இறங்கிவிட வேண்டும்.

எந்த வீதிக்கு? மாத்தளை நகரிலிருந்து கண்டி நோக்கிப் புறப்பட்டால் பலகடுவ வளைவுகள் குறுக்கிடுகின்றன. ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் பக்கம் திரும்பினால் ஏற்றம் விடாது தொடரும். முதல் நூறு கிலோமீற்றருக்கு இவ்விரண்டும் ஏற்றவையல்ல என்பது நமது கருத்து. ஏ9 வீதியில் அலுவிகாரையைக் கடந்து பலாபத்வல, நாவுல ஊடாகத் தம்புள்ளை வரை செல்லும் பகுதி பெரிதும் தோதானது. அங்கே மூன்றாம் கியரில் மிதமாக முடுக்கி வேகத்தைக் கூட்டி, பின்னர் அக்சிலரேட்டரை முற்றாக விட்டு, கியரிலேயே வேகம் குறைய விட வேண்டும். முடுக்கும்போது ரிங் சுவரோடு அழுந்தும். விடும்போது சிலிண்டரில் ஏற்படும் வெற்றிடம் ஒயிலை மேலிழுத்து, தேய்ந்த துகளைக் கழுவிச் சூட்டையும் தணிக்கும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுதலும், மேட்டில் உயர்ந்த கியரில் இயந்திரத்தைத் திணற வைத்தலும் தவிர்க்கப்பட வேண்டியவை. ரேடியேற்றரின் வெப்பமானியில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

ஒயில் விடயத்தில் சிக்கனம் பார்ப்பது மதியீனம். தொடக்கத்தில் சாதாரண மினரல் ஒயில் போதுமானது. விலையுயர்ந்த சிந்தெட்டிக் ஒயிலைப் பின்னர் இடலாம். முதல் நூறு கிலோமீற்றருக்குள் ஒயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றி, வடித்த ஒயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் நுண்துகள் தெரிவது இயல்பு. நகத்தில் சிக்கும் துண்டுகள் தெரிந்தால் வாகனத்தை அப்போதே நிறுத்த வேண்டும்.

ஆயிரம் கிலோமீற்றர் அளவில் டியூனிங் செய்யப்படுகின்றது. வால்வு இடைவெளி மீள அளக்கப்பட்டு, டைமிங் விளக்கினால் தீப்பொறியின் நேரம் சரிபார்க்கப்பட்டு, அதன் பின்னரே காபரேட்டர் தொடப்பட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வோரே அதிகம். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருப்பின் கலவை சரி. கரிபடிந்த கறுப்பு பெற்றோல் மிகுதியையும், வெளுத்த நிறம் பெற்றோல் குறைவையும் காட்டும். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்று, பின்னர் கியூ.ஆர். குறியீட்டுக்கு அளந்து ஊற்றப்பட்ட பெற்றோலைக் கொண்டு வாரத்தை ஓட்டியவர்களுக்கு அக்கறுப்பின் விலையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, பிணக்குகள் பற்றி. சில மாதங்களில் நீலப்புகை எழுந்தால் உரிமையாளர் கராஜைக் குறைகூறுவார். கராஜ்காரர் ஓட்டிய விதத்தைக் குறைகூறுவார். இருவரிடமும் எழுத்தில் எதுவும் இராது. எத்தனை ஓவர்சைஸ் போர் செய்யப்பட்டது, ரிங் இடைவெளி எவ்வளவு, எந்த ஒயில், எப்போது மாற்றப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் குறித்து இருவரும் கையொப்பமிடுதல் பெரிய காரியமன்று. டியூனிங் நாளில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து அதிலேயே எழுதிவிடலாம். பின்னொரு நாள் ஒரு சிலிண்டரின் அளவு வீழ்ந்திருப்பின், பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயிலை ஊற்றி மீண்டும் அளக்கட்டும். அளவு ஏறினால் பழுது ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ உள்ளது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ தேட வேண்டும்.