அலறிய கம்ப்யூட்டர்!

மகனின் கம்ப்யூட்டரில், கோலம் தேடிக் கொண்டிருந்தேன். திடீரென திரை முழுக்கச் சிவப்பு! 'வைரஸ் புகுந்து விட்டது. அணைக்காமல் இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று மிரட்டல். கூடவே, அபாயச் சத்தம். பதறிப் போய் போனை எடுத்தேன்.

'வைங்க அத்தை... நிஜ எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. இது வெறும் இணையப் பக்கம். 'எஸ்கேப்' பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திட்டு, பக்கத்தை மூடுங்க. சந்தேகம்னா, திரையின் கீழ் ஓரத்தில் இருக்கிற கேடயப் படத்தைத் தொட்டா, வைரஸ் இருக்கான்னு அதுவே சொல்லும்...' என்றாள், நாத்தனார் மகள்.

மூடினேன், சத்தம் நின்றது.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், எங்க ஊரில் ஒலிபெருக்கியில் எச்சரிப்பாங்க, காசா கேட்கறாங்க? இது கூட எனக்கு உறைக்கலையே!

பணத்தைப் பறிகொடுத்தவர்கள், வெட்கப்படாமல் உடனே பேச வேண்டிய எண், 1930. காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துள்ளேன்.

— ஒரு வாசகி, முக்கொம்பு.