விதிகளின் வரிசையில் இருக்கிறது காவல்

மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவேடு உள்ள சர்வரை யார் அணுகலாம் என்பதை முடிவு செய்வது யார்? நிர்வாகம் என்போம். நடைமுறையில் நொடிதோறும் அதை முடிவு செய்பவை, பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட சில வரிகளே.

வலையமைப்பில் தகவல் சிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது. நெறிமுறை, அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபுறத்துப் போர்ட் எண்கள் ஆகிய ஐந்தையும் கொண்டே பொட்டலங்கள் வழக்கமாக வகைப்படுத்தப்படுகின்றன. ஐபி நான்காம் பதிப்பில் இவை மொத்தம் 104 பிட்டுகள். இந்த ஐந்துக்கும் எல்லை வகுத்து, 'அனுமதி' அல்லது 'மறுப்பு' எனத் தீர்ப்பை இணைப்பதே விதி. சி மொழியில் இதை ஒரு 'ஸ்ட்ரக்ட்' ஆக வரையறுக்கலாம்: முகவரிக்கு 32 பிட் எண்ணும் அதன் மாஸ்க்கும், போர்ட்டுக்குத் தொடக்கமும் முடிவும், கடைசியில் தீர்ப்பு.

எளிதாகத் தோன்றும் இப்பணியில் மூன்று இடங்கள் கவனத்துக்குரியவை.

முதலாவது, பைட் வரிசை. வலையமைப்பில் எண்ணின் பெரிய பகுதி முதலில் வரும். நம் மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றின் நினைவகத்தில் சிறிய பகுதி முதலில் இருக்கும். பாதுகாப்பான இணையத் தளங்களுக்குரிய 443 என்ற போர்ட், வரிசை மாற்றாமல் படித்தால் 47873 ஆகிவிடும். கம்பைலர் இதைப் பிழையெனச் சுட்டாது. விதி மட்டும் பொருந்தாமல் போகும்.

இரண்டாவது, முன்னுரிமை. முதலில் பொருந்தும் விதியே வெல்லும் முறையில், 10.1.0.0/16 முழுவதையும் அனுமதிக்கும் விதி மேலே இருந்தால், அதற்குள் அடங்கும் 10.1.5.0/24 பகுதியை மறுக்கும் கீழ்விதி ஒருபோதும் செயல்படாது. பட்டியலில் அது இருப்பதைக் கண்டு தணிக்கையாளர் நிறைவடையக்கூடும், காவல் இராது. டிபிடிகே என்ற திறமூல நூலகத்தில் இடவரிசைக்குப் பதிலாக முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண் வெல்லும். அங்கும் சிக்கல் இதுவே.

மூன்றாவது, எந்த விதியும் பொருந்தாத நிலை. அதே நூலகம் அப்போது பூஜ்யத்தைத் தரும். பூஜ்யத்தை மறுப்பாகக் கொள்வதா, அனுமதியாகக் கொள்வதா என்பது நிரலர் எழுதும் ஒரு வரியைப் பொறுத்தது. தெரியாதவருக்குக் கதவு அடைத்திருப்பதே முறை என்பது என் நிலைப்பாடு.

இவ்விதிகளைத் தொழில்நுட்பக் குறிப்புகளாக மட்டும் கருதக் கூடாது; இவை நிர்வாக ஆணைகள். அரசாணைக்கு எண்ணும் தேதியும் காரணமும் இருப்பதுபோல ஒவ்வொரு விதிக்கும் காரணம், பொறுப்பாளர், காலாவதி நாள் ஆகியவை வேண்டும். தற்காலிகம் என்று திறந்துவிடும் கதவுகள் நிரந்தரமாவதைத் தடுக்க வேறு வழியில்லை. அனுமதிக்க வேண்டிய பொட்டலம் நுழைகிறதா என்று மட்டுமன்றி, மறுக்க வேண்டியது நிற்கிறதா என்றும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் சோதிக்க வேண்டும். முன்னது தவறினால் பயனாளர் உடனே குரல் கொடுப்பார். பின்னது தவறினால் நமக்குச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.