உங்களுக்குத் தெரியுமா? மோர் ஒன்று, மனம் மூன்று

தயாள குணம் படைத்தவர் என்று நாம் ஒரே பெயரால் குறிக்கும் மனிதர்களுக்குள்ளும் சத்துவம், ரஜஸ், தமஸ் என்னும் முக்குணங்களின்படி மூன்று பிரிவுகள் உண்டென்று பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் வகுத்துரைக்கிறது. திருவரங்கத்தில் வாழ்ந்த இராமாநுஜர் பாஷ்யம் அருளிய நூல் அது.

பங்குனித் திருநாளில் அத்திருவரங்கத்தின் உற்சவரான நம்பெருமாள் ஜீயபுரத்து ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளும்போது, வெயிலில் வரும் அடியார்களுக்கு நீர்மோர் வார்க்கும் மூவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குடிப்பவர் முகம் குளிர்ந்ததே போதுமென்று அடுத்த குவளையை நிரப்பத் திரும்புகிறவரின் தானம் சாத்விகம், தம் பெயர் எழுதிய பலகை பிறர் கண்ணில் படுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வார்ப்பவருடையது ராஜசம், "குடித்துவிட்டு நகரும், ஐயா!" என்று முகத்தைத் திருப்பியபடி நீட்டுகிறவருடையது தாமசம். மோர் ஒன்றே, பானையும் ஒன்றே.

ஆகாரம், வேள்வி, தவம் ஆகியவற்றை அதே அத்தியாயமும், ஞானம், கர்மம், புத்தி, சுகம் முதலியவற்றை 18-ஆம் அத்தியாயமும் இவ்வாறே மும்மூன்றாகப் பகுக்கின்றன. சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் கார்ல் யுங், 1921-இல் வெளியிட்ட நூலில், அகமுகர், புறமுகர் என்னும் இரு வகையினரையும் நந்நான்காகப் பிரித்து எட்டாக்கியது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆயினும், ஒருவரிடத்திலேயே ஒரு குணம் மற்ற இரண்டையும் அடக்கி மேலெழும் என்று 14-ஆம் அத்தியாயம் கூறுவதால், தம்மை அறிய விரும்புவோர் "நான் எந்த வகை?" என்று கேட்பதினும், "இன்று எந்த மனத்தோடு கொடுத்தேன்?" என்று கேட்பதே பயன் தரும்.