கணித விதியும் தனிமனித சுதந்திரமும்

பெல்ஜிய நாட்டு வானநூலறிஞர் அடால்ப் கெத்லே, பிரெஞ்சு நீதி நிர்வாகத்தார் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த குற்றக் கணக்குகளை ஆராய்ந்தார். 1826இல் விசாரணைக்கு வந்தவர்கள் 6,988 பேர்; தண்டனை பெற்றவர்கள் 4,348 பேர். 1827இல் இத்தொகைகள் முறையே 6,929, 4,236. 1828இல் 7,396, 4,551. 1829இல் 7,373, 4,475. ஆண்டுக்கு ஆண்டு எதிரிகளும் சாட்சிகளும் ஜூரர்களும் வேறு வேறு மனிதர்கள். எனினும் நூற்றுக்கு அறுபத்தொருவர் அல்லது அறுபத்திருவர் என்ற விகிதம் பெரும்பாலும் மாறவில்லை.

கோள்களின் இயக்கத்தைக் கணித்துப் பழகிய கெத்லே இதனைக் கண்டு வியந்தார். 1835இல் வெளிவந்த தமது நூலில் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை விளக்கினார். குற்றங்களைச் சமுதாயமே உருவாக்குகிறது, குற்றவாளி அதன் கையிலுள்ள கருவியே என்ற அளவுக்கும் சென்றார். அவ்வாறாயின் மனிதனுக்குச் சுயேச்சை ஏது, அவனைத் தண்டிப்பதில் நியாயம் ஏது என்று பலர் கலங்கினர்.

இக்கலக்கத்திற்கு நம் மொழியிலும் ஒரு காரணம் உண்டு. விஞ்ஞானத்தில் வழங்கும் நியதியையும் 'விதி' என்கிறோம். தலையெழுத்தையும் 'விதி' என்கிறோம். மொழிபெயர்ப்பில் இச்சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் ஏற்படுவதுண்டு. சராசரி விதி என்பது தலையெழுத்தன்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கணக்கர், குறிப்பிட்ட வயதுடைய ஓரிலட்சம் பேரில் ஓராண்டில் இறக்கக்கூடியவர்களின் தொகையை ஏறத்தாழச் சொல்லிவிடுவார். அவர்கள் யார் யார் என்று கேட்டால் அவரிடம் விடை இராது. அவருடைய அட்டவணை எவரையும் இறக்கும்படி ஏவுவதுமில்லை.

மேலும், அவ்விகிதம் கோள்களின் நியதிபோல் மாறாததும் அன்று. 1831இல் பிரான்சில் ஜூரி முறை திருத்தப்பட்டது. அதுவரை பன்னிரு ஜூரர்களுள் எழுவர் வாக்கைக் கொண்டும் ஒருவர் குற்றவாளியெனத் தீர்க்கப்படக்கூடும். இனி எண்மர் வாக்கு வேண்டும் என ஆயிற்று. தண்டனை பெற்றோர் விகிதம் அவ்வாண்டிலேயே நூற்றுக்கு 54 ஆகக் குறைந்தது. பல்லாண்டுகள் நிலையாக நின்ற எண், சட்டத்தில் ஒரு வாக்கு கூடியதும் இறங்கிவிட்டது!

ஆகவே, கூட்டத்தைப் பற்றிய கணிதம் சுதந்திரத்திற்குப் பகையாகும் என அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சத்தக்க இடம் வேறொன்று உண்டு. கூட்டத்தின் விகிதத்தை எடுத்து ஒருவர் தலைமீது வைக்கும்போதுதான் அபாயம் தொடங்குகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவருக்குத் தண்டனை விதிக்கும்போது, 'காம்பஸ்' என்னும் கணிப்பொறி முறை அவருக்கு அளித்த மதிப்பெண்ணும் நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. அவர் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு மிகுதி என்பது அதன் கணிப்பு. அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மதிப்பெண் எவ்வாறு கணிக்கப்பட்டது என்று அவர் அறிய முடியவில்லை. அதனை ஆக்கிய நிறுவனம் தன் வியாபார இரகசியம் என்று மறைத்தது. 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், இத்தகைய மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம், ஆனால் தண்டனையை அதுவே தீர்மானித்தல் ஆகாது என்றது. அது ஒரு வகையினரைப் பற்றிய தகவலை அடிப்படையாகக் கொண்டது, குறிப்பிட்ட நபரைப் பற்றியதன்று என்ற எச்சரிக்கையும் நீதிபதிகளுக்குத் தரப்பட வேண்டும் எனப் பணித்தது. எச்சரிக்கையைப் படித்த பின்னும் கண்ணில் பட்ட எண்ணை மனத்திலிருந்து நீக்குவது எளிதா என்பது ஐயத்திற்குரியதே.

கூட்டுத் தொகைக்கும் தனி மனிதனுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நம் நாட்டின் 1948ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. வீடுவீடாகச் சென்று திரட்டிய விவரங்களைக் கூட்டித் தொகையாக வெளியிடலாம். ஆனால் கணக்கெடுப்பு அதிகாரி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய பதிவேட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை. அச்சட்டத்தின் கீழேயே தொடரப்படும் வழக்கு நீங்கலாக, வேறெவ்வழக்கிலும் அதனைச் சாட்சியமாக ஏற்பதற்கில்லை என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது.