திரைகடல் படகும் திரை விழாத இருக்கையும்

‘திரை’ என்னும் சொல் கடலலையையும் உணர்த்தும். முதுமையில் உடலின் தோலில் விழும் சுருக்கத்தையும் உணர்த்தும். நரை, திரை, மூப்பு என அடுக்கிச் சொல்லும் வழக்கில் நிற்பது பின்னைய பொருள். பால் கெட்டுக் கட்டிகட்டியாவதைத் திரைதல் என்பர். இடுப்பு வேட்டியை மேலே சுருட்டிச் செருகுவதைத் திரைத்துக் கட்டுதல் என்பர். சமமாயிருந்த ஒன்று சமம் குலைந்து எழுவதே இவையெல்லாவற்றிலும் காணப்படுவது. அலையும் சுருக்கமும் ஆகிய இவ்விரு பொருளும் ஒருங்கே கூடும் இடம் ஒன்று உண்டு. அது படகின் இருக்கை. கீழே கடலின் திரை; மேலே உறையின் திரை. முன்னதைத் தடுக்க ஒருவராலும் இயலாது. பின்னதைத் தடுக்கலாம். ஆயின், பலரும் எண்ணுகிறபடி கைவலிமையால் இழுத்துத் தடுக்க இயலாது. அதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கிள்ளான் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துறைமுகம், போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்னும் பெயரை 1972இல் நீக்கிப் போர்ட் கிள்ளான் ஆயிற்று. பெருங்கப்பல்கள் ஒருபுறம் இருக்க, கெத்தாம் தீவுக்கு மக்களை ஏற்றிச் செல்லும் படகுகளும், மீன்பிடி படகுகளும், தூண்டில் போடுவோரின் சிறு விசைப்படகுகளும் இங்கே மிகுதி. அரச சிலாங்கூர் பாய்ப்படகுக் கழகமும் இங்கேயே உள்ளது. 1990 முதல் நடைபெற்றுவரும் ராஜா மூடா பாய்ப்படகுப் போட்டி இத்துறையிலிருந்துதான் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது 1886இல். இன்றும் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தில் வண்டியேறினால் துறைமுகம் வரையில் செல்லலாம். நகரத்தில் வாழ்ந்துகொண்டு கடலில் சிறு படகு வைத்திருப்போர் இருப்பதற்கு இவ்வசதியும் ஒரு காரணம். அவர்களுள் சிலர், கிழிந்த இருக்கையைக் குஷன் கடையில் கொடுக்காமல் தாமே உறைபோட முற்படுகின்றனர். முதல் முயற்சியில் எல்லோர்க்கும் நேரும் குறை ஒன்றே: உறை சுருங்கி வரிவரியாக நிற்கும்.

இக்குறையை அழகுக் குறை என்று மட்டும் கருதி விட்டுவிடுதல் பிழை. சுருக்கத்தின் பள்ளத்தில் கடல்நீரும் மழைநீரும் தேங்கும். நீர் வற்றியபின் உப்பு எஞ்சும். அமர்வோர் எழுந்தும் இருந்தும் பழகும்தோறும் உறை அதே வரியில் மடிந்து நிமிரும். நாளடைவில் வெடிப்புத் தோன்றுவது அவ்வரியிலேதான். வெடிப்பின் வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் நுரைமெத்தையை நனைக்கும்; அதன் கீழுள்ள ஒட்டுப்பலகை ஊறிப் பிரியும்; பூஞ்சணம் பூக்கும். வெள்ளை உறையில் சிலவேளை காணப்படும் இளஞ்சிவப்புக் கறையும் நுண்ணுயிர்களின் வேலையே. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஆகவே ஒரு சுருக்கம் என்பது ஒரு வெடிப்பின் தொடக்கம் எனலாம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் சிலாங்கூர்க் கரையில் இந்நிகழ்ச்சி விரைந்தே நடைபெறுகிறது.

உறையாகும் பொருளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். தமிழர் நாவில் ‘ரெக்சின்’ என்று வழங்கும் பெயர், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் நகரத்து நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்த பொய்த்தோல் அது. இன்று இருக்கைகளில் காணப்படுவது வேறு. பாலிவைனில் குளோரைடு என்னும் பொருள் பூசிய துணி அது. வைனில் என்று சுருக்கி வழங்குவர். இயல்பில் விறைப்பான இப்பொருளை மென்மையாக்கும் வழியை 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டோ செமன் என்னும் வேதியியலார் கண்டார். அவர் தேடியதோ இரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை, கிடைத்தது இது. வைனிலுக்கு மென்மை தருவது அதனுட் கலந்துள்ள மென்மையூட்டி எண்ணெய். வெயிலிலும் நாட்பட்டும் அது வெளியேறிவிட்டால் தோல் விறைக்கும், சுருங்கும், வெடிக்கும். மனிதத் தோல் மூப்படைவதை ஒத்த நிலை இது. படகுக்கென்று செய்யப்படும் வைனிலில் வெயிலைத் தாங்கும் பொருள்களும் பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருள்களும் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டு நாற்காலிக்குரிய மலிவான வகையைப் படகில் இடுவது வீண்செலவே.

உள்ளிருக்கும் மெத்தைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் இரப்பர்ப் பாலை நுரைக்கவைத்து மெத்தையாக்கினர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் தமிழர் விடியலிற் சென்று சீவிய பால், இவ்வாறு யார் யாரோ சாய்ந்திருக்கும் மெத்தைகளிலும் சேர்ந்தது. பிற்காலத்தில் அவ்விடத்தைப் பாலியூரித்தேன் நுரை பற்றிக்கொண்டது. படகுக்கு ஏற்றது, நீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரை, அல்லது நீர் நிற்காமல் ஓடிவிடும் அகன்ற கண்ணறை நுரை. சாதாரண ஸ்பாஞ்சு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

இனிச் சுருக்கத்தின் காரணத்தை நோக்குவோம். தட்டையான காகிதத்தை ஒரு மூங்கிலைச் சுற்றி ஒட்டலாம், சுருக்கமே விழாது. அதே காகிதத்தை ஒரு தேங்காயின்மேல் ஒட்டிப் பார்க்க, எவ்வளவு திறமையுடையவர் ஒட்டினும் சுருக்கம் விழும், அன்றேல் காகிதம் கிழியும். மூங்கில் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. தேங்காய் இரு திசையிலும் வளைந்தது. நீட்டாமலும் சுருக்காமலும் தட்டைப் பரப்பை இருதிசை வளைவின்மேல் படியவைக்க இயலாது என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் கௌஸ் 1827ஆம் ஆண்டில் நிறுவினார். இருக்கையின் நடுப்பகுதி தட்டை. பக்கம் மூங்கில் போன்றது. மூலையோ தேங்காய் போன்றது. சுருக்கம் ஏன் மூலையிலேயே வந்து குவிகிறது என்பதற்கு விடை இதுவே. அவ்விடத்தில் மிகுதியாயுள்ள தோலை மூன்று வழிகளால் அகற்றலாம்: வெட்டித் தைத்தல், வேண்டுமென்றே ஒழுங்காக மடித்தல், சூடாக்கி நீளச் செய்தல். நான்காவது வழி இல்லை.

வலிந்து இழுத்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்கும் விடை கண்டோர் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயுள்ள எல். மகாதேவனும், சிலி நாட்டு இயற்பியலார் என்ரிக்கே செர்தாவும் மெல்லிய தகடுகளின் சுருக்கத்தைப் பற்றி 2003ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். முதலிற் சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2007இல் அதற்குக் கிடைத்தது. இருமுனையும் பிடித்து இழுக்கப்படும் மெல்லிய தாளில், இழுக்கும் திசைக்கு இணையாகவே சுருக்கங்கள் ஓடும். இழுவை மிகுமாயின் அவை மறைவதில்லை, நெருங்கி நுண்ணியவாகின்றன. அதுவும் மெல்ல மெல்லத்தான்: சுருக்கங்களின் இடைவெளி பாதியாகவேண்டுமாயின் இழுவை பதினாறு மடங்காகவேண்டும். படகுத் துறையில் வியர்வை சிந்த உறையை இழுப்பவர் செய்வது என்ன என்பது இப்போது விளங்கும். அவர் சுருக்கத்தை நீக்கவில்லை; அதன் வழியே இழுத்து அதனை வளர்க்கின்றார். வேண்டுவது குறுக்குத் திசையில் சிறு இழுவை.

ஆதலின் வேலையின் பெரும்பகுதி இழுப்பதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. பழைய உறையைத் தையல் பிரித்து, அதனையே அச்சாக வைத்து வெட்டுவது வழக்கம். இதில் ஒரு கண்ணி உண்டு. பழைய தோல் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் சுருங்கியும் போயிருக்கும். அக்குறை அப்படியே புதிய உறைக்கும் வந்துசேரும். பழையதைப் பார்த்துத் துண்டுகளின் அமைப்பை அறிந்துகொண்டு, அளவை மெத்தையிலிருந்தே எடுத்தல் நன்று. பிரிக்குமுன், சேரும் இரு துண்டுகளின் விளிம்பிலும் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு குறி இட்டுக்கொள்ள வேண்டும். வைனிலின் பின்துணி பெரும்பாலும் நீளவாட்டத்தைவிட அகலவாட்டத்தில் மிகுதியாக நீளும். கையால் இழுத்துப் பார்த்தே இதனை அறியலாம். துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே வாட்டத்தில் வெட்டாவிட்டால், சேர்த்துத் தைத்தபின் ஒன்று நீள, மற்றொன்று நீளாமல் நிற்க, இடையே திரை விழும். மெத்தையைப் பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் அளவு பெரிதாக வெட்டுவது தொழிலறிந்தோர் வழக்கம். உறைக்குள் மெத்தை நெருங்கியிருந்து, எத்திசையிலும் ஒருசீராக உறையை வெளியே தள்ளும். கையால் இழுப்பவர் ஒருபுறம் மட்டுமே இழுக்க முடியும்; மெத்தையோ எப்புறமும் தள்ளுகிறது. இந்த ஒன்றை அறிந்தவர் பாதி வேலையை அறிந்தவர்.

தையலுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், துணி தைக்கும் துன்னகாரரும் தோல் தைக்கும் துன்னரும் தனித்தனியே எண்ணப்படுகின்றனர். இரண்டும் வேறு தொழில் என்பதற்கு வைனில் நல்ல சான்று. துணியில் ஊசி நுழைந்தால் நூலிழைகள் விலகி இடந்தந்து மீண்டும் கூடும். தோலிலும் வைனிலிலும் விழுந்த துளை என்றும் துளையே. ஆகவே குண்டூசி குத்திப் பிடித்தல் ஆகாது, கவ்விகளால் பிடிக்கவேண்டும். தையலை நெருக்கமாகப் போட்டால் அஞ்சல்தலையின் விளிம்பு போலத் துளைகள் வரிசையாகி அவ்வழியே கிழியும். தையல் ஒன்றுக்கு நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம் ஏற்றது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் வெயிலில் வலிமை குன்றும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலே பெரும்பாலோர் கொள்வது. வீட்டுத் தையல் இயந்திரத்தில் மற்றொரு தொல்லை நேரும். வைனில் மேற்பாதத்தில் ஒட்டிக்கொள்ள, மேல்துண்டு பின்தங்கும், கீழ்த்துண்டு முன்னே ஓடும். தையல் முழுவதும் நெளிந்து நிற்கும். வழுவழுப்பான டெஃப்லான் பாதமோ, மேல்துண்டையும் கூடவே நகர்த்தும் நடைப்பாதமோ இதற்கு மாற்று. முன்பு இட்ட குறிகள் உதவுவதும் இங்கேதான்: குறியும் குறியும் சேராவிடில் தைப்பதை நிறுத்திப் பிரித்துவிடுதல் வேண்டும். வளைந்த தையலின் உள்விளிம்பில் சிறு வெட்டுகள் தந்தால் அது தடித்து மேலே தெரியாது.

உறையைப் பலகையில் பொருத்தும்போது முறை முக்கியம். மெத்தைக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் உறை வழுக்கி இடத்தில் அமரும். பலகையைக் கவிழ்த்து, முன்பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் ஊசி, அதற்கு எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று, இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. பின்னர் நடுவிலிருந்து மூலை நோக்கிச் சிறிது சிறிதாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி அடிக்கவேண்டும். மூலைக்கு நான்கு விரற்கடை முன்னதாக நிறுத்திவிடவேண்டும்; மூலைகள் கடைசி. ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குச் செல்பவர் மிகுதித் தோலையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் குவிக்கிறார். முதலில் அடிக்கும் ஊசிகளை முழுதும் இறக்காமல் விட்டால் பிடுங்குவது எளிது. பிடுங்க நேரிடும் என்பதில் ஐயமில்லை. ஊசி 316 என்னும் வகைத் துருப்பிடியா எஃகாக இருத்தல் நலம். அதிலுள்ள மாலிப்டினம் கடலுப்பைத் தாங்கும். ஒட்டுப்பலகையின் வெட்டுவாய்களுக்கு எப்பாக்சி பூசுதலும், நீர் வடியத் துளையிடுதலும் சுருக்கத்தோடு சேர்ந்தவை அல்ல. ஆயினும் அவற்றை மறந்தவர் ஒரு மழைக்காலத்துக்குள் நினைந்துகொள்வர்.

இவ்வளவு செய்தும் திரை விழுமாயின் அதனை எழுத்தைப் போலப் படிக்கவேண்டும். ஓர் ஊசியிலிருந்து கதிர் போல வரிகள் உள்நோக்கி ஓடினால் அங்கே இழுவை மிகுதி. அந்த ஊசியைப் பிடுங்கித் தளர்த்துக. வரி விளிம்புக்கு இணையாகக் கிடந்தால் அவ்விளிம்பை நோக்கிய இழுவை போதாது. வரி மூலைவாட்டில் சாய்ந்து ஓடினால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை, உறை திருகிக்கொண்டது. அதனைத் திருத்த ஓர் ஊசி போதாது, ஒரு பக்கம் முழுவதையும் அவிழ்த்தல் வேண்டும். மூலையில் எஞ்சும் தோலைச் சிறுசிறு சம மடிப்புகளாக அடுக்கிக் கீழே செருகலாம். சேலைக்குக் கொசுவம் வைப்பது போன்ற வேலை இது. சுருக்கம் தானாக விழுவது. மடிப்பும் கொசுவமும் கருதிச் செய்வன. கசங்கல் கவனக்குறைவால் வருவது. குஷன் கடையில் இவையெல்லாம் ஒரே சொல்லாகிவிட்டன. இத்தொழிலைத் தமிழில் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு ஆயத்தமாகவே கிடைக்கிறது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். குளிர்நாட்டார் வைனிலைச் சூட்டுக் காற்றால் இளக்கிப் பொருத்துவர். கிள்ளானில் அதனைச் சற்று நேரம் வெயிலில் விரித்தாலே போதும். இளகிய நிலையில் பொருத்திய உறை, ஆறும்போது இறுகிப் படியும். குளிர்சாதன அறையில் பொருத்திய உறையோ நண்பகல் வெயிலில் தளர்ந்து திரையும். அளவுக்கு மீறிச் சூடாக்கி இழுத்தால் பின்துணி மெலிந்து, ஊசியடியில் பின்னர்க் கிழியும்.

முதன்முதலாகக் கற்பவர் படகில் தொடங்குதல் வேண்டா. பழைய மோட்டார்சைக்கிள் இருக்கை ஒன்று போதும். அதில் நடுவே பள்ளம், முன்னே குறுகிய மூக்கு, பின்னே மேடு: கௌஸ் சொன்ன இருதிசை வளைவு மூன்றும் ஒரு முழ நீளத்தில் உண்டு. அடித்தட்டு பிளாஸ்டிக்காதலால் ஆறு மில்லிமீட்டர் ஊசியே போதுமானது. நீண்டதை அடித்தால் முனை மறுபுறம் வந்துவிடும். அதில் மூன்று முறை உறை போட்டுப் பிரித்தவர், நான்காம் முறை படகின் நீண்ட இருக்கையை எடுக்கும்போது, அது பெரும்பாலும் தட்டை என்பதைக் கண்டு வியப்பார்.